அரை டன் கிளாம்ப்

கடலுக்கு அடியில் துளை போடும் குழாய்களை ஒன்றோடொன்று மாட்டும் பூட்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தருவதற்கென்றே ஒரு வாரியம் இருக்கிறது. அது கடலிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கரையோரம் கட்டினால் உப்புக் காற்று கோப்புகளை அரித்துவிடும் என்று ஆரம்பத்திலேயே யாரோ யோசித்திருக்கிறார்கள். வாரியத்தில் யாராவது யோசித்ததற்கு இன்றுவரை கிடைத்திருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

பூட்டு விஷயம் ஒன்றும் சிக்கலானதல்ல. ஒரு குழாயின் முனை இன்னொன்றின் வாய்க்குள் இறங்கும். சுற்றிலும் இருக்கும் இரும்புப் பற்களை எண்ணெய் அழுத்தம் உள்ளே தள்ளும். பற்கள் எதிர்க்குழாயின் பள்ளத்தில் உட்கார்ந்து கவ்விக்கொள்ளும். கடலில் எப்போதாவது அந்த எண்ணெய் அழுத்தம் போய்விடும். அங்கே எல்லாமும் எப்போதாவது போகும். அப்போது பற்கள் நழுவக் கூடாது. பின்னால் இருக்கும் ஸ்பிரிங் அவற்றை அங்கேயே அழுத்தி வைத்திருக்க வேண்டும். எது கெட்டாலும் பூட்டு பூட்டியபடியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதைச் சோதிப்பது இன்னும் எளிது. மாட்ட வேண்டும், அழுத்தத்தை நிறுத்த வேண்டும், விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

வாரியம் இந்த மூன்றையும் முப்பத்தெட்டுப் பக்க நடைமுறையாக வளர்த்து வைத்திருந்தது.

நம் ஃபிட்டர் இருபத்தாறு வருடம் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்தவர். பட்டறையை மூடியதும் வாரியத்துக்கு வந்தார். முதல் நாள் சோதனைக் கூடத்து வாசலில் அவரை நிறுத்தி ஒரு மிதவை ஜாக்கெட்டை மாட்டிவிட்டார்கள். கூடம் தரைத்தளத்தில், ஏசி போட்டு, பளபளவென்று டைல்ஸ் பதித்து இருந்தது. எதற்கு ஜாக்கெட் என்று கேட்டார். நீருக்கடியில் வேலை செய்யும் சாதனத்தைச் சோதிக்கும்போது நீர்ப் பாதுகாப்பு உடை கட்டாயம் என்று நடைமுறையின் ஒன்பதாம் பக்கம் சொல்வதாகப் பதில் வந்தது. சரி, தண்ணீர் எங்கே என்று அடுத்துக் கேட்டார். மூலையில் இருந்த நீல நிற பிளாஸ்டிக் வாளியைக் காட்டினார்கள்.

சோதனை நீர்ச் சூழலில் நடக்க வேண்டும் என்பது பதினொன்றாம் பக்கம். அந்தச் சூழல்தான் வாளி. காலையில் ஒருவர் அளவு பார்த்துக் கையெழுத்துப் போடுவார், மாலையில் இன்னொருவர். போன வருடம் துப்புரவுப் பணியாளர் தெரியாத்தனமாக அந்தத் தண்ணீரை எடுத்துத் தரையைத் துடைத்துவிட்டார். மூன்று வாரம் சோதனை நின்றது. கடலில் துளையிடும் துளைக்கப்பல்கள் மூன்று துறைமுகத்தில் காத்துக் கிடந்தன.

எல்லாவற்றுக்கும் நடுநாயகமாகக் கூடத்தின் மத்தியில் ஒரு கிளாம்ப் நின்றது. அரை டன் எடை. தரையோடு காங்கிரீட் போட்டு இறுக்கியது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சோதனையில் பூட்டு விட்டுப்போய்க் கீழ்க்குழாய் விழுந்து, அப்போதைய செயலாளரின் இடது கால் ஷூ நசுங்கியது. கால் தப்பித்தது, ஷூ போயே போச்சு. வாரியம் பதினான்கு அமர்வுகள் கூடி ஆராய்ந்தது. பூட்டு ஏன் விட்டது என்பதைப் பற்றி அந்தப் பதினான்கில் ஒன்றிலும் பேச்சே எழவில்லை. இனி எந்தச் சோதனையிலும் குழாய் விழக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அதற்காகச் சோதனை நடக்கும்போது மேல்குழாயையும் கீழ்க்குழாயையும் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொள்ள இந்தக் கிளாம்ப் வந்தது.

அன்று முதல் ஒரு பூட்டு கூடத் தோற்கவில்லை. ஒன்பது வருடமாக நூற்றுக்கு நூறு. வாரியத்தின் வரவேற்பறையில் இதற்காக வாங்கிய கேடயங்களை வைக்க இரண்டாவது அலமாரி செய்து போட்டிருந்தார்கள்.

ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் மாதம், ஒரே துளைக்கப்பலுக்குப் போக வேண்டிய எண்பத்து நான்கு பூட்டுகள் வந்தன. அவற்றில் முதல் பூட்டிலேயே அவருக்குப் பொறி தட்டியது. அழுத்தத்தை நிறுத்தும்போது ஸ்பிரிங் பற்களைத் தாங்கினால் சத்தமே வராது. இதில் 'சரக்'கென்று ஏதோ நழுவியது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பற்கள் பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தன. குழாயைத் தாங்கி நின்றது கிளாம்ப் மட்டும்தான்.

செயலாளரிடம் போய்ச் சொன்னார். செயலாளர் மேசையிலும் மிதவை ஜாக்கெட்டோடுதான் இருப்பார். கழற்றி மாட்ட நேரமில்லாத அளவுக்குப் பொறுப்புகள்.

"குழாய் விழுந்துச்சா?" என்றார் செயலாளர்.

"விழல சார். கிளாம்ப் புடிச்சிருக்கு."

"அப்ப என்ன பிரச்சினை?"

"பூட்டு புடிக்கல சார். ஸ்பிரிங் சரியில்ல. தொட்டாலே தொளதொளங்குது. கடல்ல கிளாம்ப் இருக்காதே."

"கடல் நம்ம எல்லைக்குள்ள வராதுப்பா." செயலாளர் பரிவோடுதான் சொன்னார். "நம்ம எல்லை இந்த ஹால். இந்த ஹால்ல இணைப்பு பிரிஞ்சதா, பிரியலையா? பிரியல. பாஸ்."

"அப்ப ஃபெயில்னு எப்பதான் சார் எழுதுறது?"

"அதுக்கு ஃபாரம் வேணுமே. ஒம்பது வருஷமா யாரும் கேக்கலன்னு அச்சடிக்கிறத நிறுத்தியாச்சு. வேணும்னா எழுதிக் குடு, அச்சடிக்கச் சொல்றேன். ஆனா தேவை இருக்குன்னு காட்டணும். பூர்த்தி செஞ்ச பழைய ஃபாரம் நாலு இணைச்சுக் குடு."

ஃபிட்டர் கூடத்துக்குத் திரும்பி அடுத்த பூட்டை மாட்டினார். எண்பத்து நான்கு பூட்டும் இரண்டே நாளில் பாஸாகி முத்திரை வாங்கின.

அந்த வார இறுதியில் அவருடைய மச்சினன் வீட்டுக்கு வந்தான். மனைவியின் தம்பி, முப்பத்து நான்கு வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கப்பலில் குழாய் மாட்டும் வேலைக்கு இரண்டு வருடமாக முயன்றவன். சோபாவில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டான், வேலை கிடைத்துவிட்டது, இன்னும் பன்னிரண்டு நாளில் கப்பல் ஏறுகிறான். எந்தக் கப்பல் என்று ஃபிட்டர் கேட்டார். அவன் சொன்னான். எண்பத்து நான்கு பூட்டும் போகிற அதே கப்பல்.

"அங்க நீ எங்க நிப்ப?" என்றார் ஃபிட்டர்.

"குழாய்க்கு நேர் கீழதான் மாமா. மேலருந்து ஒவ்வொண்ணா இறக்குவாங்க, நாங்க புடிச்சு மாட்டணும்."

சாப்பாட்டின் நடுவே ஃபிட்டர் தட்டைத் தள்ளி வைத்தார். விஷயத்தைச் சொன்னார். ஸ்பிரிங்கைச் சொன்னார், சத்தத்தைச் சொன்னார், கிளாம்பைச் சொன்னார். மச்சினன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஃபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். வேலைக்கு எடுத்தவர்கள் அனுப்பிய வாரியச் சான்றிதழ். கீழே தலைவரின் கையெழுத்து, பக்கத்தில் பொன்னிற முத்திரை.

"நூத்துக்கு நூறுன்னு போட்டிருக்கு மாமா. நீங்க வேலை செய்ற ஆபீஸ்தானே குடுத்தது? உங்க ஆபீஸ நீங்களே நம்பலன்னா எப்படி?"

"உள்ள இருக்கிறதாலதாண்டா நம்பல."

"ரெண்டு வருஷம் அலைஞ்சு கெடச்ச வேலை மாமா. நீங்க சொன்னீங்கன்னு விட்டுட்டு வந்தா என் பொண்டாட்டி என்னத்தான் கேப்பா, உங்கள இல்ல."

அவன் போன பிறகு மனைவி பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டாள். "நிஜமாவே விழுமாங்க?"

"விழும்."

"அப்ப சும்மா உக்காந்திருக்காதீங்க. எனக்குக் கூடப்பொறந்தவன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

ஃபிட்டருக்குப் பயமாக இருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் அல்ல அது. அந்தப் பொன்னிற முத்திரையைக் குத்தும் கூடத்தில் அழுத்தத்தை நிறுத்தியவர் அவர்தான். எண்பத்து நான்கு தடவையும் அவருடைய கைதான்.

திங்கட்கிழமை மதிய உணவு நேரத்தில், கப்பலுக்குப் போகக் காத்திருந்த பூட்டுகளில் பத்தை எடுத்து வைத்துக்கொண்டார். கிளாம்பைத் திறந்து விட்டார். முதல் பூட்டை மாட்டி, தள்ளி நின்று, அழுத்தத்தை நிறுத்தினார். கீழ்க்குழாய்த் துண்டு டமாரென்று விழுந்தது. டைல்ஸ் ஐந்து உடைந்தது. அடுத்ததை மாட்டினார். அதுவும் விழுந்தது. பத்தில் ஏழு விழுந்தன. பத்தாவதைக் கழற்றுவதற்குள் செயலாளர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். தரையைப் பார்த்தார், அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டைல்ஸ் போச்சே," என்றார்.

விசாரணை மறுநாளே நடந்தது. வாரிய வரலாற்றில் இவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததில்லை. தலைவரே நேரில் வந்தார். பெரிய மேசை, பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் ஜாக்கெட், மூலையில் வாளி. ஃபிட்டர் மட்டும் நின்றார்.

"கிளாம்பத் திறக்க யாரு உத்தரவு குடுத்தா?" என்றார் தலைவர்.

"யாரும் குடுக்கல சார். பூட்டு புடிக்குதான்னு பாக்கணும்னு திறந்தேன். பத்துல ஏழு விழுந்துடுச்சு. அந்தக் கப்பல நிறுத்தணும் சார், ஆளுங்க செத்துருவாங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேசப் போகிறார் என்று தெரிந்ததும் பன்னிரண்டு பேனாக்களும் திறந்தன.

"தம்பி, நான் எத்தனையோ மாநாட்டுல பேசியிருக்கேன். எல்லாரும் என்கிட்ட கேக்குற ஒரே கேள்வி, எப்படிங்க உங்களுக்கு மட்டும் நூத்துக்கு நூறுன்னுதான். நான் சொல்ற பதிலும் ஒண்ணேதான். நாங்க பூட்ட நம்புறதே இல்ல. பூட்டுன்னா அது ஒரு நாள் விடும். அதுக்குத்தான் கிளாம்ப். நீங்க உயிரப் பத்திப் பேசுறீங்க. நாங்களும் அதப் பத்தித்தான் பேசுறோம். இந்த ஒம்பது வருஷத்துல இந்த ஹால்ல ஒரு ஆபீசரோட சுண்டு விரல் நசுங்கியிருக்கா? இல்ல. இத உருவாக்க நாங்க எவ்வளவு பாடுபட்டிருக்கோம். நீங்க ஒரே மத்தியானத்துல ஏழு தோல்விய உண்டாக்கிட்டீங்க."

"நான் உண்டாக்கல சார். ஏற்கெனவே இருந்தது."

"இருந்துச்சுன்னா எங்க ரெக்கார்டுல இருந்திருக்கணுமே," என்றார் செயலாளர்.

அவர்கள் கிண்டல் செய்யவில்லை. பன்னிரண்டு பேரும் நன்றாகப் படித்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், அந்த வாக்கியத்தைக் கேட்டு உண்மையாகவே தலையை ஆட்டினார்கள்.

முடிவு எழுத்தில் வந்தது. நடைமுறைப்படி கிளாம்ப் இல்லாமல் செய்யப்படுவது சோதனை ஆகாது. ஆகவே திங்களன்று சோதனை எதுவும் நடக்கவில்லை. நடக்காத சோதனையில் எந்தப் பூட்டும் தோற்றிருக்க முடியாது. டைல்ஸில் உள்ள பள்ளங்கள் கட்டடம் கட்டியபோதே இருந்தவை. ஃபிட்டர் சோதனைக் கூடத்திலிருந்து விழா ஏற்பாட்டுப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார்.

துளையிடும் கம்பெனிக்கும் ஃபிட்டர் ஒரு கடிதம் எழுதிப் பார்த்தார். மூன்றாம் நாள் பதில் வந்தது. பாதுகாப்பில் தாங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி, தங்கள் சந்தேகம் தீர இத்துடன் வாரியத்தின் சான்றிதழை இணைத்துள்ளோம். மச்சினனிடம் மறுபடியும் பேசினார். அவன் இந்த முறை பாதியிலேயே ஃபோனை வைத்துவிட்டான்.

கப்பல் புறப்படும் நாளன்று துறைமுகத்தில் விழா. எண்பத்து நான்கு பூட்டுகளும் நூற்றுக்கு நூறு வாங்கியதைக் கொண்டாடும் விழா. தலைவருக்கு ஒரு புகைப்படம் வேண்டியிருந்தது, அதிகாரிகள் எல்லோரும் வரிசையாக அமர்ந்திருக்க, தலைக்கு மேலே பூட்டு தெரிய வேண்டும். அதனால் இரண்டு குழாய்களை ஒரு பூட்டால் இணைத்து, கிரேனில் தூக்கி, மேடைக்கு நேர் மேலே தொங்க விட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பம்ப் எண்ணெய் அழுத்தம் கொடுத்தபடி உறுமிக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக இருந்ததைச் செயலாளரே தன் கைப்பட எழுதியிருந்தார். தலைவர் பொத்தானை அமுக்கிப் பம்பை நிறுத்துவார், அழுத்தம் போன பிறகும் பூட்டு குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்வையாளர்கள் கண்டு மகிழ்வார்கள்.

தன்னிடம் கொடுத்த வரைபடத்தில் உள்ளபடி ஃபிட்டர் மிதவை ஜாக்கெட்டோடு பதின்மூன்று நாற்காலிகளைப் போட்டார். எல்லாம் குழாய்க்கு நேர் கீழே. அவர் ஒரு அங்குலம்கூடத் தள்ளிப் போடவில்லை.

எதிரே கப்பல் தொழிலாளர்கள் அறுபத்திரண்டு பேரை வெயிலில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஆரஞ்சு உடை, காலடியில் பை. இரண்டாம் வரிசையில் மச்சினன் நின்றான். மாமாவைப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தான்.

அதிகாரிகள் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்த பிறகு தலைவர் வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். புகைப்படக்காரருக்காக மோவாயை உயர்த்தியபோது பார்வை மேலே போயிற்று. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"இது எவ்வளவு வெயிட்டுப்பா?"

"கீழ்க்குழாய் மூணு டன் சார்," என்றார் ஃபிட்டர்.

"என்ன புடிச்சிருக்கு?"

"பூட்டுதான் சார்."

"கிளாம்ப்?"

"அது நம்ம ஹால்ல தரையோட போட்டது சார். இங்க கொண்டாற முடியாது."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். தன்னுடைய கையெழுத்தில் நான்காம் எண்ணை இப்போதுதான் முதன்முறையாகப் படிப்பது போல் படித்தார்.

"பட்டன நீங்களே அமுக்குங்களேன்," என்றார் தலைவர்.

"ஐயோ, அந்தப் பெருமை உங்களுக்குத்தான் சார் சேரணும்."

"வெயில் நேரா கண்ணுல அடிக்குது. நாற்காலியக் கொஞ்சம் அந்தப் பக்கம் போடலாமா?"

வெயில் முதுகுப் பக்கம் இருந்தது. இருந்தாலும் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். வாரியத்தில் அவ்வளவு ஒருமித்த கருத்து அதுவரை ஏற்பட்டதில்லை. ஃபிட்டர் நாற்காலிகளை ஐந்து மீட்டர் தள்ளிப் போட்டார். செயலாளர் மேலே ஒரு முறை பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்றார். பத்து மீட்டர். குழாய் சாய்ந்து விழுந்தால் எவ்வளவு தூரம் வரும் என்று ஒருவர் விரலால் அளந்து பார்த்தார். இருபது மீட்டர். பொத்தானின் ஒயர் எட்டவில்லை. இன்னொரு ஒயர் வாங்கி வந்து முடிச்சுப் போட்டார்கள். கடைசியில் நாற்காலிகள் ஒரு சரக்குக் கிடங்கின் காங்கிரீட் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றன. தலைவர் மறுபடியும் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டார்.

அறுபத்திரண்டு பேரும் இதை முதல் நாற்காலியிலிருந்து கடைசி நாற்காலி வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களுக்கு எதையும் விளக்கவில்லை.

தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "தொழிலாளத் தோழர்களே, உங்க தலைக்கு மேல தொங்கப்போற ஒவ்வொரு பூட்டுக்கும் இந்த வாரியம் பொறுப்பு. நீங்க எந்தக் கவலையும் இல்லாம அதுக்குக் கீழ நின்னு வேலை செய்யலாம். உங்களுக்காக நாங்க எப்பவும் பக்கத்துலயே இருப்போம்."

தூரம் அதிகமாகிவிட்டதால் குரல் பாதிதான் எட்டியது.

இரண்டாம் வரிசையில் மச்சினன் குனிந்து பையை எடுத்தான். கப்பல் படிக்கட்டு இடப்பக்கம் இருந்தது. அவன் வலப்பக்கம் நடந்தான். தொங்கும் குழாயைச் சுற்றிக்கொண்டு, மேடையைத் தாண்டி, நேராகக் கிடங்குச் சுவருக்கு வந்து, தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் பையை வைத்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் வந்தான். பிறகு நான்கு பேர். பிறகு வரிசையே கலைந்து வந்தது.

"நீங்க போக வேண்டியது அந்தப் பக்கம்," என்றார் செயலாளர்.

"தெரியும் சார்," என்றான் மச்சினன். "பட்டன அமுக்குங்க. பாத்துட்டுப் போறோம்."

தலைவரின் விரல் பொத்தானுக்கு மேலே போயிற்று. அங்கேயே நின்றது. பம்ப் தூரத்தில் உறுமிக்கொண்டிருந்தது. அறுபத்திரண்டு பேர் அந்த விரலைப் பார்த்தார்கள். விரல் மெல்ல மடங்கி ஜாக்கெட் பைக்குள் போயிற்று.

"பட்டன் அமுக்குறது பத்தி ஒரு கமிட்டி போட்டு முடிவெடுக்கலாம்," என்றார் தலைவர்.

"ஒண்ணும் அவசரமில்ல சார். நாங்க இருக்கோம்," என்றான் மச்சினன். பிறகு முதல் முறையாக அக்காள் கணவரின் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

"மாமா, எங்களுக்கும் நாற்காலி போடுங்க. இதே வரிசைல."

ஃபிட்டர் மிதவை ஜாக்கெட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். அறுபத்திரண்டு நாற்காலிகள் வேண்டியிருந்தன. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட ஆரம்பித்தார்.